கற்பூர மரத்தின் இலை ஈட்டி வடிவமா, அரிவாள் வடிவமா?

கோத்தகிரி ஆசிரியை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கோத்தகிரிக்கு அருகில் உள்ள ஓர் அரசுப் பள்ளியில் நான் உயிரியல் கற்பிக்கிறேன். பள்ளி வளாகத்திலும் அதை ஒட்டிய சரிவிலும் நிற்கும் மரங்களுக்குத் தமிழில் பெயர்ப்பலகை எழுதி வைக்க வேண்டும் என்று ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் ஆசைப்பட்டார்கள். மரத்தின் பெயர், அதன் தாயகம், இலையின் வடிவம், அடையாளம் காண உதவும் ஒரு குறிப்பு ஆகியவை ஒவ்வொரு பலகையிலும் இருக்க வேண்டும் என்று முடிவு செய்து, எங்கள் பக்கத்தில் எல்லோரும் கற்பூர மரம் என்று சொல்லும் யூகலிப்டஸ் குளோபுலஸ் மரத்திலிருந்து தொடங்கினோம். முதல் பலகையிலேயே வேலை நின்றுவிட்டது.

நான் பார்த்த ஒரு நூலில் இந்த மரத்தின் இலை ‘லான்சியோலேட்’ என்றும், இன்னொன்றில் ‘ஃபால்கேட்’ என்றும், மூன்றாவதில் இரண்டு சொற்களும் சேர்த்தும் எழுதப்பட்டிருக்கின்றன. முதல் சொல்லுக்கு ஈட்டி வடிவம் என்று பாடநூலிலேயே தமிழ் இருக்கிறது. இரண்டாவது சொல்லை ஒரு கலைச்சொல் பட்டியல் அரிவாள் வடிவம் என்கிறது. வேறொரு பட்டியல் பிறை வடிவம் என்கிறது. ஈட்டி நேரானது, அரிவாள் வளைந்தது, பிறை இரண்டு முனையும் கூரானது. ஒரே இலை இம்மூன்றாகவும் எப்படி இருக்க முடியும் என்று மாணவர்கள் கேட்கும்போது எனக்கு உறுதியாகப் பதில் சொல்லத் தெரியவில்லை.

இதற்கிடையே ஒரு மாணவி, பள்ளிக்குப் பின்னால் வெட்டப்பட்ட கற்பூர மரத்தின் அடிக்கட்டையிலிருந்து துளிர்த்த கிளை ஒன்றைக் கொண்டுவந்தாள். அதன் இலைகள் அகன்று, நீலம் கலந்த வெண்சாம்பல் நிறத்தில், காம்பே இல்லாமல் தண்டைக் கட்டிப்பிடித்தபடி எதிரெதிராக இருந்தன. அவற்றில் ஈட்டியும் இல்லை, அரிவாளும் இல்லை. பலகையில் ஒரு வடிவத்தைத்தான் எழுத வேண்டும் என்றால் எதை எழுதுவது? ஃபால்கேட் என்ற சொல் உண்மையில் எதைக் குறிக்கிறது, அதற்குச் சரியான தமிழ் எது என்பதை அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன். மாணவர்கள் படிக்கும் பலகை என்பதால் தவறாக எழுதிவிடக்கூடாது என்ற கவலை எனக்கு அதிகமாக இருக்கிறது.

குன்னூர் தாவரவியல் எழுதியது:

அம்மா, வணக்கம். கல்லூரியில் பல ஆண்டுகள் தாவரவியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். இந்தக் கேள்வி வகுப்பில் எனக்கும் அடிக்கடி வந்திருக்கிறது என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நீங்கள் பார்த்த மூன்று நூல்களும் முரண்படவில்லை. இரண்டு சொற்களும் இரண்டு வேறு கேள்விகளுக்கு விடை சொல்கின்றன. இலையின் அகலம் அடியிலிருந்து நுனி வரை எப்படிக் கூடிக் குறைகிறது என்பது முதல் கேள்வி. நடுப்பகுதிக்குக் கீழே அகன்று, அங்கிருந்து நுனி வரை சீராகக் குறுகி, அகலத்தைப் போலப் பல மடங்கு நீளமாக இருந்தால் அதை ஈட்டி வடிவம் என்கிறோம். அந்த இலையின் அச்சு, அதாவது நடுநரம்பு, நேராகச் செல்கிறதா அல்லது ஒரு பக்கமாக வளைகிறதா என்பது இரண்டாவது கேள்வி. அடியிலிருந்து நுனி வரை ஒரே பக்கமாக வளைந்து, நுனியை நோக்கிக் குறுகிச் சென்றால் அது ஃபால்கேட். லத்தீனில் ‘ஃபால்க்ஸ்’ என்றால் அரிவாள். அதிலிருந்து வந்த பெயரடைதான் இது. ஆகவே ஓர் ஈட்டியின் அலகைப் பக்கவாட்டில் மெல்ல வளைத்தால் என்ன கிடைக்குமோ, அதுதான் முதிர்ந்த கற்பூர மரத்தின் இலை. இரண்டு சொற்களையும் இணைத்து எழுதிய மூன்றாவது நூலே முழுமையாகச் சொல்லியிருக்கிறது.

பக்கவாட்டில் என்ற சொல்லை நான் வேண்டுமென்றே அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பெரும்பாலான குழப்பம் அங்கேதான் பிறக்கிறது. இலையை மேசைமேல் தட்டையாக வைத்தால், வளைவு அந்த மேசையின் பரப்பிலேயே இருக்க வேண்டும். இலை மேசையிலிருந்து எழும்பி நின்றாலோ, நுனி கீழ்நோக்கிச் சுருண்டு தொங்கினாலோ அது பின்வளைவு. அதற்கு வேறு சொற்கள் உண்டு. கிளையில் தொங்கும்போது பார்த்து முடிவு செய்தால் இவ்விரண்டும் ஒன்றுபோலத் தெரியும் என்பதால், இலையைப் பறித்துத் தாளில் வைத்தே பார்க்க வேண்டும்.

மாணவர்களுக்கு ஓர் எளிய சோதனையைச் சொல்லித் தாருங்கள். இலையை வெள்ளைத் தாளில் படிய வைத்து, அதன் ஓரத்தைப் பென்சிலால் வரைந்து, நடுநரம்பையும் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு இலையை எடுத்துவிட்டு, அடிப்புள்ளியையும் நுனிப்புள்ளியையும் அளவுகோலால் நேர்கோட்டில் இணைக்க வேண்டும். நடுநரம்பு முழுவதும் அந்தக் கோட்டின் ஒரே பக்கத்தில் வில்லைப்போல விலகி நின்றால் இலை ஃபால்கேட். கோட்டோடு ஒட்டிச் சென்றால் நேரான இலை. நடுநரம்பு கோட்டை வெட்டி இரண்டு பக்கமும் வளைந்தால் அது வேறொரு வடிவம். இந்தச் சோதனையில் ஓர் எச்சரிக்கையும் தேவை: புத்தகத்துக்குள் வைத்து உலர்த்திய இலைகளை இதற்குப் பயன்படுத்த வேண்டாம். நேரான இலையை வளைத்து அழுத்தி உலர்த்திவிட்டால் அந்த வளைவு நிரந்தரமாகிவிடும். உலர்தாவரத் தொகுப்புகளில் பணிபுரிவோர் ஒரே தாளில் உள்ள பல இலைகளை ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொரு குழப்பத்தையும் இப்போதே தீர்த்துவிடலாம். வேப்பிலையின் சிற்றிலையை எடுத்துப் பாருங்கள். அதன் அடிப்பகுதியில் நடுநரம்பின் ஒரு பக்கம் அகன்றும் மறுபக்கம் குறுகியும் இருக்கும். அது சமமற்ற அடி. அதே சிற்றிலை முழுதும் ஒரு பக்கமாக வளைந்தும் இருக்கும்; அது ஃபால்கேட். இரண்டு பண்புகளும் ஒரே சிற்றிலையில் சேர்ந்து காணப்படுவதால் ஒன்றை மற்றொன்றாக எண்ணிவிடுகிறோம். அடி சமமற்று இருந்தும் நேராக வளரும் இலைகள் உண்டு. அடி சமமாக இருந்தும் வளையும் இலைகள் உண்டு. நடுநரம்பின் இரு பக்கமும் சம அளவில் வளராமல் ஒரு பக்கம் கூடுதலாக நீண்டால் இலை மறுபக்கமாக வளையும் என்பதை, ஒரு பக்கம் மட்டும் இழுத்துத் தைத்த துணிப்பட்டையை வைத்து மாணவர்களுக்குக் காட்டலாம்.

தமிழ்ச் சொல்லைப் பற்றி எனக்கும் முழு நிறைவில்லை. அதை என்னைவிடத் தமிழ் நன்கறிந்தவர்கள் சொல்லட்டும்.

பண்ணைக்காடு தமிழாசிரியர் எழுதியது:

ஐயா சொன்ன விளக்கத்தைப் படித்த பிறகு சொல்லின் சிக்கல் எனக்கு இன்னும் தெளிவாகிறது. நான் கீழ்ப்பழனி மலையில் காப்பித் தோட்டத்தின் நடுவே வாழ்கிறவன். தாவரவியல் படித்தவன் அல்லன். ஆனால் அரிவாள்களை அறிவேன்.

அரிவாள் என்ற ஒரு சொல்லுக்குள் தமிழில் பல கருவிகள் இருக்கின்றன. நெல் அறுக்கும் பன்னரிவாள் அல்லது கருக்கரிவாள் ஏறத்தாழ அரை வட்டமாக வளைந்து, நுனியில் கூராக முடியும். வீச்சரிவாளோ நெடுந்தூரம் நேராகச் சென்று, நுனிக்கு அருகில் மட்டும் முன்னோக்கி வளையும். அதன் அலகு நுனிப்பக்கம் குறுகாமல் அகன்றும் இருக்கும். இன்றைய பிள்ளைகள் பலர் கதிர் அறுப்பதைக் கண்டதில்லை. அறுவடையை இயந்திரமே செய்துவிடுகிறது. அரிவாள் என்று சொன்னதும் அவர்கள் மனத்தில் எழுவது திரைப்படத்தில் கண்ட வீச்சரிவாள்தான். அந்தப் படத்தை வைத்துக்கொண்டு இலையைப் பார்த்தால் எந்த இலையும் பொருந்தாது. எனவே அரிவாள் வடிவம் என்ற சொல் தவறில்லை. எந்த அரிவாள் என்று சொல்லாமல் விடுவதுதான் குறை. கதிரரிவாள் வடிவம் என்று எழுதினால் அந்தக் குறை நீங்கும் என்பது என் கருத்து.

பிறை வடிவம் என்பதை நான் ஏற்க மாட்டேன். பிறைக்கு இரண்டு கொம்புகள்; அடி எது, நுனி எது என்று சொல்ல முடியாது. தாவரவியலார் அதற்கென்றே ‘லூனேட்’ என்ற தனிச்சொல்லை வைத்திருக்கிறார்கள். லத்தீனில் நிலவுக்கு ‘லூனா’ என்று பெயர். மலைக்காய்கறிக் கடையில் நாம் வாங்கும் டபுள் பீன்ஸின் அறிவியல் பெயர் ஃபேசியோலஸ் லூனேட்டஸ். அதன் தட்டையான விதையைக் கையில் வைத்துப் பார்த்தால் நிலவின் பெயர் ஏன் வந்தது என்று விளங்கும். இதைவிட நல்ல சான்று நம் மலைப் புல்வெளிகளிலேயே இருக்கிறது. மழைக்காலத்தில் ஈரமான புல்வெளியில் டிரோசிரா என்ற சிறிய பூச்சியுண்ணும் செடியைக் காணலாம். நிமிர்ந்த தண்டு உடைய வகையில், ஒவ்வோர் இலையும் இரண்டு கொம்புள்ள பிறையாக இருக்கும். காம்பு அதன் நடுவில் வந்து இணையும். விளிம்பெல்லாம் பசைத்துளி தாங்கிய மயிர்கள் இருக்கும். அதைப் பார்த்த கண்ணுக்குக் கற்பூர மரத்தின் இலையைப் பிறை என்று சொல்ல மனம் வராது. ஒரே தமிழ்ச் சொல்லை இரண்டுக்கும் கொடுத்துவிட்டால், அறிஞர்கள் உழைத்துப் பிரித்து வைத்த வேறுபாட்டைத் தமிழில் நாமே அழித்தவர்கள் ஆவோம்.

அரிவாள் வளைவை இலையில் மட்டும் தேட வேண்டியதில்லை என்றும் மாணவர்களுக்குச் சொல்லுங்கள். அகத்திப்பூவின் மொட்டைக் கீரைக்காரரிடம் வாங்கிப் பாருங்கள். விரிவதற்கு முன் அது அப்படியே ஒரு வெள்ளை அரிவாள். அவரைக்காயும் ஒரு பக்கம் குழிந்து மறுபக்கம் குவிந்து வளைந்திருக்கும். இவை வீட்டிலேயே கிடைப்பதால், சொல் மனத்தில் பதிவதற்கு இலையைவிட எளிய வழி இது என்று எனக்குத் தோன்றுகிறது.

கோத்தகிரி ஆசிரியை எழுதியது:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. வெள்ளிக்கிழமை இரண்டு பாடவேளைகளை இதற்கென்றே ஒதுக்கினோம். மாணவர்கள் ஆளுக்கு ஓர் இலையாகக் கொண்டுவந்து, ஐயா சொன்னபடி தாளில் வரைந்து கோடு இழுத்தார்கள். பெரும்பாலான இலைகளில் நடுநரம்பு கோட்டின் ஒரே பக்கத்தில் விலகி நின்றது. சில இலைகள் ஏறத்தாழ நேராகவே இருந்தன. ஒரே கிளையிலிருந்து பறித்த இலைகளிலும் வளைவின் அளவு வேறுபட்டது. நடுவில் மிகக் கூடுதலாக விலகிய இலைகளைத் தனியாக அடுக்கி வைத்தபோது ஒரு மாணவன் அவற்றைக் கசக்கி முகர்ந்து, “டீச்சர், இதில் தைல வாசமே இல்லை” என்றான்.

விசாரித்தபோது அவை கற்பூர மரத்திலிருந்து வந்தவையே அல்ல என்று தெரிந்தது. சாலையோரத்தில் நிற்கும் வேறொரு மரத்திலிருந்து இரண்டு மாணவர்கள் பறித்து வந்திருக்கிறார்கள். இலை தடிப்பாக, மங்கிய பச்சையில், ஒரு சாண் நீளத்துக்குள், அழகாக வளைந்திருக்கிறது. நடுவில் ஒரே நரம்பு இல்லை. அடியிலிருந்து நுனி வரை பல நரம்புகள் ஒன்றுக்கொன்று இணையாக ஓடுகின்றன. அந்த மரத்தின் கீழே முளைத்த கன்றுகளில் இந்த இலையே இல்லை. சீகை மரத்தில் இருப்பதுபோலப் பொடிப்பொடியான இறகு இலைகள் இருக்கின்றன. ஒரு கன்றில் மட்டும் ஒரே காம்பில் கீழே இந்த வளைந்த பகுதியும் நுனியில் இறகு இலையும் சேர்ந்திருந்தன. மாணவர்கள் அதைப் பார்த்து வியந்து நின்றார்கள், நானும்தான். இது என்ன மரம்?

குன்னூர் தாவரவியல் எழுதியது:

உங்கள் மாணவர்கள் கண்டுபிடித்தது எனக்கு மிகுந்த மகிழ்ச்சியைத் தருகிறது, ஏனென்றால் அவர்கள் கையில் இருப்பது இலையே அன்று. நீங்கள் சொன்ன அடையாளங்கள் எல்லாம் அகேசியா மெலனோசைலான் என்ற மரத்துக்குப் பொருந்துகின்றன. பிளாக்வுட் என்ற வணிகப் பெயரும் அதற்கு உண்டு. நீலகிரியில் சீகை என்று சொல்லப்படும் வாட்டில் மரங்களும் இதுவும் ஒரே பேரினம். எல்லாம் ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவரப்பட்டவை. (இந்தச் சீகையைத் தலைக்குத் தேய்க்கும் சீகைக்காயோடு குழப்பிக்கொள்ள வேண்டாம் என்று பலகையில் ஒரு வரி எழுதினாலும் தகும்.)

அந்த மரத்தில் வளைந்து அகன்றிருப்பது இலைக்காம்பு. இலைப்பரப்பு உருவாகாமல் நின்றுவிட, காம்பே தட்டையாகி, பச்சையம் பெற்று, இலையின் வேலையைச் செய்கிறது. பாடநூலில் இதை இலைத்தொழில் இலைக்காம்பு என்று நீங்கள் கற்பித்திருப்பீர்கள். இளங்கன்றில் இன்னும் உண்மையான இறகுக் கூட்டிலை வளர்கிறது. கன்று வளர வளரக் காம்பு அகன்று, சிற்றிலைகள் குறைந்து, இறுதியில் காம்பு மட்டுமே எஞ்சுகிறது. காம்பும் சிற்றிலைகளும் சேர்ந்திருந்த அந்த ஒரு கன்று இந்த மாற்றத்தின் நடுப்படியை அப்படியே காட்டுகிறது. அதை வாடவிடாமல் உடனே உலர்த்தி வையுங்கள். பாடநூலின் படத்தைவிட அது சிறந்த சான்று.

இங்கே நம் சொல்லின் இயல்பும் வெளிப்படுகிறது. ஃபால்கேட் என்பது உறுப்பின் பெயர் அன்று. எந்த உறுப்பிலும் வரக்கூடிய வளைவின் பெயர். இலை, சிற்றிலை, காம்பு, மொட்டு, காய் என எதற்கும் அதைச் சொல்லலாம். ஆகவே வளைவை மட்டும் வைத்து மரத்தை அடையாளம் காண இயலாது. உங்கள் சரிவில் நிற்கும் இந்த இரண்டு மரங்களையும் பிரித்தறிய நரம்பையும் வாசனையையும் பாருங்கள். கற்பூர இலையில் ஒரே நடுநரம்பு, வெயிலுக்கு நேரே பிடித்தால் தைலச் சுரப்பிகள் ஊசித் துளைகள்போல ஒளிரும், கசக்கினால் மணக்கும். மெலனோசைலானில் நீளவாக்கில் பல நரம்புகள், மணமில்லை.

ஒரே கிளையில் வளைவின் அளவு வேறுபட்டதைக் கண்டு தயங்க வேண்டாம். இயற்கையில் எந்த வடிவச் சொல்லும் அச்சு வார்த்ததுபோலப் பொருந்துவதில்லை. மரத்தின் பெரும்பான்மை இலைகள் எதைக் காட்டுகின்றனவோ அதையே எழுதுகிறோம்.

உதகை தைலக்கொட்டாய் எழுதியது:

அம்மாவின் முதல் கேள்வியில் அடிக்கட்டையின் துளிர் பற்றிய பகுதிக்கு இன்னும் விடை வரவில்லை என்பதால் எழுதுகிறேன். எங்கள் குடும்பம் இரண்டு தலைமுறையாகத் தைலம் காய்ச்சுகிறது. இலையைப் பெரிய பாத்திரத்தில் அடைத்து, அடியில் நீர் ஊற்றிக் கொதிக்கவைத்து, எழும் நீராவியைக் குழாய் வழியே குளிர்ந்த தண்ணீரின் நடுவே செலுத்தி இறக்கினால், தண்ணீரின் மேல் தைலம் மிதக்கும். அந்த இலைகளை நாள்தோறும் கையால் அள்ளுகிறவர்கள் நாங்கள் என்பதால், இரண்டு வகை இலைகளையும் கண்ணை மூடிக்கொண்டே பிரித்துச் சொல்வோம். வெண்சாம்பல் பூத்த இளந்தழை கையில் மாவுபோல ஒட்டும். அதன் தண்டு நாற்சதுரமாக இருக்கும். முற்றிய இலை தோல்போல வழுவழுப்பாக, ஒரு முழத்துக்குள், வளைந்து தொங்கும்.

இவை இரண்டு மரங்கள் அல்ல, ஒரே மரத்தின் இரண்டு பருவங்கள். விதையிலிருந்து முளைத்த கன்றிலும் முதலில் வட்டத் தழைதான் வரும். மரம் உயர்ந்த பிறகு புதிய கிளைகளில் வளைந்த இலை வரும். அந்த மரத்தை வெட்டினால், அடிக்கட்டையிலிருந்து வரும் துளிர் மறுபடியும் குழந்தைப் பருவத்துக்கே போய் வட்டத் தழையை விடும். நீலகிரியில் இந்த மரத்தை 1843 முதல் நட்டார்கள் என்றும், விறகுத் தேவைக்காக 1856 முதல் முறையான தோட்டங்களாக வளர்த்தார்கள் என்றும் படித்திருக்கிறேன். விறகுக்காக வெட்டிய மரம் மறுபடி துளிர்ப்பது அன்றைக்கு அவர்களுக்கு வசதியாக இருந்தது. எனவே மலைச்சரிவுகளில் உயரமான மரத்தில் அரிவாள் இலையும், பக்கத்து அடிக்கட்டையில் வட்டத் தழையும் அருகருகே இருப்பது எங்கும் காணும் காட்சி. வட இந்தியாவில் இந்த மரத்துக்கே நீல்கிரி என்று பெயர் சொல்லுகிறார்கள். வந்த மரத்துக்கு எங்கள் மலையின் பெயர் அமைந்துவிட்டது.

முற்றிய இலை தொங்குவதைப் பற்றி ஐயா ஒரு வரி சொன்னால் நன்றாக இருக்கும். நடுப்பகலில் கற்பூரத் தோப்புக்குள் நின்றால் மற்ற மரத்தின் அடியில் கிடைப்பதுபோல அடர்ந்த நிழல் கிடைப்பதில்லை. அதற்கும் இந்த இலைக்கும் தொடர்பு உண்டா?

குன்னூர் தாவரவியல் எழுதியது:

நேரடியான தொடர்பு உண்டு. இளந்தழை கிடைமட்டமாக விரிந்திருப்பதால் அதன் மேற்பக்கமும் கீழ்ப்பக்கமும் அமைப்பில் வேறுபடுகின்றன. முதிர்ந்த இலை செங்குத்தாகத் தொங்குகிறது. அதன் இரு பக்கங்களுக்கும் வெயில் படுவதால் இரு பக்கமும் ஒரே நிறமாக, உள்ளமைப்பிலும் ஒன்றுபோல அமைந்திருக்கின்றன. உச்சி வெயில் தொங்கும் இலையின் விளிம்பைத் தொட்டுவிட்டு நேரே தரைக்கு இறங்குகிறது. நீங்கள் சொன்ன நிழலின்மைக்கு அதுவே காரணம். இதில் நிழலைக் குறைப்பது தொங்கும் நிலையே. பக்கவாட்டு வளைவு வேறு. இரண்டையும் ஒன்றாக்கிவிட வேண்டாம்.

ஆசிரியையின் பலகைக்கு ஒரு செய்தி: ஃபிரெஞ்சுத் தாவரவியலாளர் லபிலார்டியேர் 1792-இல் டாஸ்மேனியாவில் இந்த மரத்தைச் சேகரித்து, 1800-இல் இதற்குப் பெயரிட்டு வெளியிட்டார்.

கொடைக்கானல் வாசகர் எழுதியது:

ஒரு சிறு ஐயம். மரங்களின் மேல் வளரும் புல்லுருவிக்கு டென்ட்ரோஃப்தோயி ஃபால்கேட்டா என்று பெயர். மலையடிவாரத்தில் வத்தலக்குண்டு பக்கம் மாமரங்களில் நான் பார்த்த புல்லுருவியின் இலைகள் தடித்து, நீள்வட்டமாக இருந்தன. பலவற்றில் வளைவே இல்லை. பெயரிலேயே அரிவாள் இருந்தும் இலையில் ஏன் இல்லை?

குன்னூர் தாவரவியல் எழுதியது:

நல்ல கவனிப்பு. அந்தச் செடியின் இலை மிகவும் மாறுபடக்கூடியது. வளைந்த இலைகளும் உண்டு, நேரானவையும் உண்டு. சிற்றினப் பெயரை, அதாவது அறிவியல் பெயரின் இரண்டாம் சொல்லை, முதலில் சூட்டியவர் இருசொற்பெயர் முறையை நிலைநாட்டிய லின்னேயஸின் மகன், 18-ஆம் நூற்றாண்டில். சிற்றினப் பெயரை அடையாளச் சீட்டாகக் கொள்ளலாமே தவிர, செடியின் முழு வருணனையாகக் கொள்ளக்கூடாது. செடியில் மாறுபாடு மிகுதி என்று பின்னர் தெரியவந்தாலும், பெயரிடும் விதிகளின்படி முதலில் முறையாக வெளியிட்ட பெயர்ச்சொல்லே நிலைக்கும். பொருள் பொருந்தவில்லை என்பதற்காக அதை மாற்ற முடியாது. ஆகவே ஃபால்கேட்டா என்று பெயரில் கண்டால் இலையைத் தேடிப் பாருங்கள். பெயரை நம்பி இலையை வருணித்துவிடாதீர்கள்.

கோத்தகிரி ஆசிரியை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. தமிழாசிரியர் ஐயா பரிந்துரைத்த கதிரரிவாள் என்ற சொல்லை வகுப்பில் சொன்னபோது, தேயிலைத் தோட்டத்துக் குடும்பங்களிலிருந்து வரும் என் மாணவர்கள் பலர் அந்தக் கருவியையே கண்டதில்லை என்றார்கள். ஒரு மாணவி எழுந்து, தன் வீட்டில் உள்ள, தேயிலைச் செடியை வெட்டிவிடும் கவாத்துக் கத்தி இந்த இலையைப் போலத்தான் மெல்ல வளைந்திருக்கும் என்றாள்; மற்றவர்கள் உடனே ஆமோதித்தார்கள். கலைச்சொல்லை நாங்கள் மாற்றவில்லை. அவர்களுக்குத் தெரிந்த கருவியை அதன் அருகில் சேர்த்துக்கொண்டோம். இரண்டு பருவத்து இலைகளையும் எழுதிவிட முடிவு செய்து, நேற்று மாலை பலகையை எழுதி முடித்தோம். அதில் உள்ளது இது:

“கற்பூர மரம் (தைல மரம்). யூகலிப்டஸ் குளோபுலஸ். தாயகம்: டாஸ்மேனியாவும் தென்கிழக்கு ஆஸ்திரேலியாவும். இளம் இலை: அகன்றது, காம்பற்றது, தண்டைத் தழுவியது, வெண்சாம்பல் பூத்தது, கன்றிலும் அடிக்கட்டைத் துளிரிலும் காணலாம். முதிர்ந்த இலை: ஈட்டி வடிவம், கதிரரிவாள்போல ஒரு பக்கம் வளைந்தது, கவாத்துக் கத்தியை நினைத்துக்கொள்ளவும். வெயிலுக்கு நேரே பிடித்துத் தைலப் புள்ளிகளைப் பார்க்கவும்.”

அடுத்த பலகை மெலனோசைலானுக்கு. ‘இலையின் வடிவம்’ என்ற தலைப்பை அதில் எப்படி எழுதுவது என்று மாணவர்கள் இப்போதே விவாதிக்கத் தொடங்கிவிட்டார்கள்; ‘இலைபோல் தோன்றும் காம்பின் வடிவம்’ என்று மாற்ற வேண்டும் என்பவர்களே எண்ணிக்கையில் அதிகம்.